பென் டிரைவுக்குக் கால் தெரியுமா?



சென்ற ஆண்டு விழாவில் நடந்த கரகாட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் தம்பிகள் நன்றாகத்தான் ஆடினார்கள். பாதியில் ஒருவனுக்குக் கரகம் சரிந்தது. கையால் பிடித்து நிமிர்த்துவதற்குள் பாட்டு தள்ளிப் போய்விட்டது. பிறகு கடைசிவரை அவன் காலும் பாட்டும் சேரவே இல்லை. நாமெல்லாம் விசிலடித்துச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

என் அப்பா கீழச்சிவல்பட்டியில் நையாண்டி மேளத்தில் உறுமி வாசிப்பவர். விழாவுக்கான கூட்டத்தில், "மேளம் வச்சா ஏழு பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வண்டி. பென் டிரைவ் போதும்டா" என்று பேச்சு வந்தது. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால், "உனக்கெப்படிடா தெரியும்?" என்று கேட்பார்களே! அப்பாவின் தொழிலைச் சொல்ல எனக்கு வெட்கம். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் முதல் வருட பீஸ், பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் அப்பா விடிய விடிய வாசித்த பணம். அது தெரிந்தும் வெட்கம்!

ஊருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அப்பா கேட்டார்:

"பாட்டு யாரு வாசிச்சா?"

"பென் டிரைவ்ப்பா."

"அதுக்கு ஆடுறவங்க கால் தெரியுமா தம்பி?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்பாவின் செட்டில் இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தாளம். ஏழு பேரின் கண்ணும் ஆடுபவரின் காலில்தான் இருக்கும். தரையில் கிடக்கும் நோட்டைக் குனிந்து எடுக்கும்போது தவில் அடக்கி வாசிக்கும்; நிமிர்ந்ததும் ஏறி அடிக்கும். கரகம் தடுமாறினால், அது நிலைக்கு வரும்வரை அப்பா குச்சியால் உறுமியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். கூட்டத்துக்குத் தப்பு நடந்ததே தெரியாது.

நம் பாடத்தில் சொன்னால் இது க்ளோஸ்டு லூப். நடப்பதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பென் டிரைவ் ஓப்பன் லூப். ஆடுகிறவன் விழுந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்!

நம் சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் 1955-இல் பிறந்தவர் கே.ஏ. குணசேகரன். நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். படித்து முடித்ததும் பாட்டை விட்டுவிட்டாரா? இல்லை. 'தன்னனானே' கலைக்குழுவோடு மேடை மேடையாகப் பாடினார். சிறுவயதில் பட்ட சாதி அவமானங்களை 2005-இல் 'வடு' என்ற நூலில் வெளிப்படையாக எழுதினார். அவர் அவ்வளவையும் மறைக்காதபோது, நான் ஒரு உறுமியை ஏன் மறைக்க வேண்டும்?

2025-இல் மதுரை மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். நாம் ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினோம். பக்கத்து ஊர் மேளக்காரரை மேடையேற்ற மட்டும் காசில்லை என்கிறோம். இது என்ன நியாயம்?

செலவு ஆகும், மறுக்கவில்லை. ஆனால் லைட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லையே! மேளக்காரருக்கு வருமானம் திருவிழா மாதங்களில்தான். மற்ற நாளில் அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். கூப்பிட ஆளில்லாத தொழிலை எந்தப் பையன் பழகுவான்? நானே பழகவில்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். வரும் விழாவில் ஒரு மணி நேரமாவது நேரடி மேளம் வேண்டும். ஒரு வாரம் முன்பே கலைஞர்கள் இரண்டு பேரை வரவழைத்து, மாலையில் நம் தம்பிகளோடு ஒத்திகை பார்க்க வேண்டும். சம்பளத்தை அன்றே கையில் கொடுக்க வேண்டும். அழைப்பிதழில் ஏழு பேரின் பெயரும் வர வேண்டும்.

என் அப்பாவைத்தான் கூப்பிட வேண்டும் என்று கேட்கவில்லை. எந்த ஊர் செட்டானாலும் சரி. ஆனால் ஒன்று நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்!

– மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், கீழச்சிவல்பட்டி