பரணில் தூங்கும் அரசு லேப்டாப்... இனி உங்கள் வீட்டுப் போட்டோ பெட்டகம்!

ஏற்காட்டுக்கு மேலே, 5,326 அடி உயரத்தில் இருக்கிறது சேர்வராயன் கோயில். சிறிய குகைக்குள் சாமி. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மலையும் மஞ்சும்தான். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களே அங்கே திரண்டுவிடும். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பத்தையும் நிற்க வைத்துப் படம் எடுக்கப் போகும் நேரத்தில்தான் போன் கையை விரிக்கும்: 'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது!'

எதை அழிப்பது? சின்னவளின் காதுகுத்து படத்தையா, பாட்டி இருந்த கடைசிப் பொங்கல் வீடியோவையா?

கூகுள் போட்டோஸ் ஒரு காலத்தில் கணக்கில்லாமல் இடம் கொடுத்தது. 2021 ஜூன் 1-க்குப் பிறகு அப்படி இல்லை. இமெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்து 15 ஜிபி மட்டுமே இலவசம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். ஆனால், பல வீடுகளின் பரணில் இதற்கு வேறொரு வழி தூசி படிந்து கிடக்கிறது.

அந்த லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்தது!

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அப்போது வழங்கப்பட்ட லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. மாணவர்கள் பலர் விண்டோஸைத் தாண்டிப் போகவே இல்லை.

தமிழக அரசுக்கு லினக்ஸ் அதற்கு முன்பே பழக்கமானதுதான். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்தபோதே அங்கு லினக்ஸுக்கு மாறினார்கள். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும்படி அரசுத் துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அதே நிலைமை இப்போது வீடுகளுக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்றவும் முடியாது. பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் பேங்க் வேலை பார்ப்பது, கதவைப் பூட்டாமல் ஊருக்குப் போவது போல.

லினக்ஸ் என்றால் பயமா?

பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே லினக்ஸ்தான். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய அந்த வேலை, இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பல வடிவங்களில் கிடைக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது. அதன் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு 2 ஜிபி ரேமிலும் ஓடும். 4 ஜிபி இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் லேப்டாப்பில் உள்ள பழைய கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு, மின்ட்டை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் செய்து பாருங்கள். வைஃபை, சத்தம், கீபோர்டு எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும். அதுவரை உள்ளே இருக்கும் எதுவும் அழியாது. பிரவுசர், வீடியோ, கடிதம், தமிழ்99 தட்டச்சு எல்லாமே கிடைக்கும். ஆனால் டேலி, போட்டோஷாப் போன்றவை நேரடியாக ஓடாது. கடைக் கணக்கு டேலியில் இருந்தால் அந்தக் கணினியில் கை வைக்க வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு சர்வர்

ஹோட்டல் சர்வர் என்ன செய்வார்? கேட்டதை எடுத்து வந்து வைப்பார். கணினி சர்வரும் அவ்வளவுதான். வீட்டு மூலையில் எப்போதும் விழித்திருந்து, யார் போனிலிருந்து கேட்டாலும் படத்தையோ பாட்டையோ எடுத்துக் கொடுக்கும்.

போட்டோக்களுக்கு 'சின்க்திங்' போதும். போன் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் புதிய படங்கள் தானாகவே லேப்டாப்புக்குப் போய்விடும். சேமித்து வைத்த வீடியோக்களை டிவியில் பார்க்க 'ஜெல்லிஃபின்' இருக்கிறது. கூகுள் போட்டோஸ் போலவே முகம் பார்த்துத் தேட வேண்டும் என்றால் 'இம்மிச்' உண்டு. அதற்கு மட்டும் ரேம் கூடுதலாக வேண்டும். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும் என்பதால், அந்த செட்டிங்கை மாற்ற மறக்காதீர்கள்.

மழையும் காற்றும் வலுத்தால் மலையில் கரன்ட்டும் சிக்னலும் போவது புதிதல்ல. இங்கேதான் வீட்டு சர்வர் கைகொடுக்கிறது. வெளியே இன்டர்நெட் போனாலும், வீட்டு வைஃபை ரௌட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை படங்கள் கைக்கெட்டும். லேப்டாப் பேட்டரியே குட்டி யுபிஎஸ் ஆகிவிடும். ஆனால், பழைய பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அதோடு விளையாடக் கூடாது. ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கரன்ட் பில்? டிஸ்ப்ளே அணைந்த லேப்டாப் 10 முதல் 15 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 முதல் 22 யூனிட்தான்.

செய்யக் கூடாத இரண்டு தவறுகள்

முதல் தவறு, 'சர்வரில் இருக்கிறதே, போதும்' என்று நம்புவது. சின்க்திங் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும். போனில் இடம் பண்ணுவதற்காக ஒரு படத்தை அழித்தால், லேப்டாப்பிலும் அது அழிந்துவிடலாம்! லேப்டாப் பக்கம் 'ஃபைல் வெர்ஷனிங்' வசதியை இயக்கிவிட்டால், அழித்த படம் தனி ஃபோல்டரில் தங்கும். அதையும் தாண்டி ஒரு விஷயம் உண்டு. 2011-ல் வந்த ஹார்டு டிஸ்க்குக்கு இப்போது வயதாகிவிட்டது. 'டிஸ்க்ஸ்' செயலியில் அதன் ஆரோக்கியத்தைப் பாருங்கள். நன்றாக இருப்பதாகக் காட்டினாலும் அதை மட்டுமே நம்பாதீர்கள்.

இரண்டாவது தவறு, வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு ரௌட்டரில் கதவைத் திறந்து விடுவது. உலகமே அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கும். 'டெயில்ஸ்கேல்' போன்ற பாதுகாப்பான வழி இருக்கிறது. பழகும்வரை வீட்டுக்குள் மட்டும் வைத்திருப்பதே உத்தமம்.

வழியில் தடுமாறினால் தமிழிலேயே உதவி உண்டு. 2012 முதல் லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதிவரும் 'கணியம்' இணையதளம் கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கிறது. சென்னையிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் ஆர்வலர் குழுக்கள் இயங்குகின்றன.

காப்புக்குக் கணினிக்காரர்கள் சொல்லும் கணக்கு எளியது: மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில். போனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று. மூன்றாவதை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலத்தில் இருக்கும் அத்தை வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பித்தால் போதும்.

அத்தையையும் பார்த்த மாதிரி இருக்கும். பாட்டியின் பொங்கலும் பத்திரமாக இருக்கும்.