எத்தனை எச்.பி.ன்னு கேட்கிறோம், எவ்வளவு ஊறுதுன்னு கேட்கிறோமா?

போன கோடையில பெரியப்பா தோட்டத்துல 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் காயில் போச்சு. "மோட்டார் பத்தல, பெருசா போடுங்க"ன்னு யாரோ சொல்ல, கடன் வாங்கி 7.5 எச்.பி. இறக்கினாங்க. அதுவும் ஒரு மாசம்தான் ஓடிச்சு. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்துல தண்ணி நின்னுபோச்சு. "கரிசக்காட்டுல போர் போட்டா இப்படித்தான்பா"ன்னு பெரியப்பா முடிச்சுட்டார். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நான் பக்கத்துல சும்மா நின்னேன்.

தப்பு எங்கேன்னு எனக்குப் புரிஞ்சது, எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிப் படிச்சப்போதான்.

குஜராத்தில் மெஹ்சானா பக்கம் ஓ.என்.ஜி.சி.க்கு பலோல், சாந்தல் என்று எண்ணெய் வயல்கள் இருக்கின்றன. சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் கிடைப்பது கெட்டியான கச்சா எண்ணெய். நம்ம கடலைமிட்டாய்ப் பாகை நினைச்சுக்கோங்க: அடுப்புல இருக்கும்போது ஓடும், ஆறினா கரண்டியை விடாது. அதனால் பலோலில் 1990-ல் சோதனையாகவும், 1997 முதல் பெரிய அளவிலும் பாறைக்குள் காற்றைச் செலுத்தி, எண்ணெயில் ஒரு பகுதியை அங்கேயே எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்குகிறார்கள். இளகி கிணற்றுக்கு வந்ததை மேலே தூக்கத்தான் பம்ப்.

எந்த பம்ப்? தலையாட்டுற பம்ப் நம்ம தெரு அடிபம்புக்கு அண்ணன்தான். கம்பியும் சிலிண்டரும் வால்வும் ஒண்ணுதான். ஆனா கெட்டி எண்ணெயில் கம்பி வேகமாகக் கீழே இறங்காது, மிதக்கும். சப்மெர்சிபிள் சுழல்விசையில் ஓடுவது. திரவம் கெட்டியானால் அதன் திறன் விழுந்துவிடும். பிரான்ஸ் நாட்டு ரெனே மொய்னோ கண்டுபிடித்த திருகு பம்ப் இன்னொரு வகை. ரப்பர் உறைக்குள் முறுக்கிய எஃகுத் தண்டு சுழன்று, எண்ணெயைப் பொட்டலம் பொட்டலமாக மேலே தள்ளும். கெட்டி எண்ணெய்க்கும் மணலுக்கும் இதுதான் தோது. ஆனா சூடு ரொம்ப ஏறினா ரப்பர் தாங்காது. எல்லாக் கிணற்றுக்கும் சரிப்படுற பம்ப்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

எனக்கு உறைச்ச விஷயம் அடுத்தது. திருகு பம்ப் திரவம் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே ரப்பர் கருகிவிடும். அதனால் கிணறு எவ்வளவு ஊறுகிறது என்று முதலில் பார்க்கிறார்கள். கேசிங் பைப் வழியாக ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்து திரவ மட்டத்தைக் கணக்குப் போடுகிறார்கள். ஊற்றுக்கு மேல் இழுக்காதபடி பம்பின் வேகத்தை வைக்கிறார்கள்.

நம்ம போரில் நடப்பது இதுக்கு நேர் எதிர். ஊறுவதைவிட அதிகமாக இழுத்தால் மட்டம் இறங்கி பம்ப் வெறுமனே ஓடும். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிரவைப்பதே சுற்றி ஓடுற தண்ணிதான். அது நின்னா காயில் கருகும். அங்கே 7.5 எச்.பி. போட்டது வியாதியை இன்னும் சீக்கிரம் வரவழைச்சதுதான். ஊற்று குறைஞ்ச போருக்குச் சின்ன மோட்டாரோ, கம்ப்ரசரோ, விட்டுவிட்டு ஓட்டுறதோதான் சரி.

"எண்ணெய்க்கு விலை இருக்கு, அதனால அளக்குறாங்க, விவசாயிக்கு ஏது வசதி?"ன்னு கேட்கலாம். இலவச கரண்டுங்கிறதால பெரிய மோட்டாரோட செலவு பில்லுல தெரியுறதில்லைங்கிறதும் உண்மை. ஆனா அளக்க லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். 200 லிட்டர் பேரல், செல்போன் ஸ்டாப்வாட்ச், போருக்குள் இறக்க ரெண்டு வயர், ஒரு மல்டிமீட்டர் போதும். ஓட்டும்போது மட்டம் எவ்வளவு இறங்குது, நிறுத்தினா எவ்வளவு நேரத்துல ஏறுதுன்னு ஒரே நாள்ல தெரிஞ்சுடும்.

என் யோசனை இதுதான். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு வெளியில காசு கொடுத்து வாங்குறதை விட்டுட்டு, ஒவ்வொரு டீமும் கோவில்பட்டியைச் சுற்றி பத்து போரை அளந்து, விவசாயி கையில ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கட்டும்: இந்தப் போர் இவ்வளவு ஊறும், இதுக்கு மேல மோட்டார் வேண்டாம்.

பெரியப்பா போர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். பேரல் அவர் தர்றேன்னுட்டார். கூட வர்றவங்க சொல்லுங்க.