2017 செப்டெம்பர் 30 அன்று அந்தக் காணி என்ன விலை?

இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் செலுத்தும் மூலதன ஆதாய வரி 10 வீதத்திலிருந்து 15 வீதமாகிவிட்டது. வீதத்தைக் கூட்ட ஒரு திருத்தச் சட்டம் போதுமாயிருந்தது. ஆனால் ஆதாயத்தை எந்த விலையிலிருந்து கணக்கிடுவது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, 2017 செப்டெம்பர் 30இல் ஒருவர் கைவசம் இருந்த காணிக்கு அன்றைய சந்தை விலையே அடிவிலை. தாத்தா வாங்கிய விலை செல்லாது. அன்றைய விலையை எங்கே பார்ப்பது? மக்கள் புரட்டிப் பார்க்க ஊர்வாரியான பட்டியல் எதுவும் இல்லை.

புளத்கொகுபிட்டியவை எடுத்துக்கொள்வோம். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில், இங்கே களுபஹன தோட்டத்து லயன்களும் மண்ணுக்குள் போயின. அதற்குப் பதினாறு மாதம் கழித்து வருகிறது சட்டம் குறிக்கும் தேதி. சரிவைக் கண்டு வாங்குவோர் ஒதுங்கிய காலத்தில், ஒரு இறப்பர்க் காணிக்கு மதிப்பீட்டாளர் என்ன விலை எழுதுவார்? பக்கத்துக் காணிகளின் உறுதிகளைத்தான் புரட்டுவார். அவற்றிலோ, 4 வீத முத்திரைத் தீர்வைக்குப் பயந்து விலையைக் குறைத்தே எழுதியிருப்பார்கள். அடிவிலை குறைந்தால் ஆதாயம் கூடும், வரியும் கூடும். அன்று வாங்கியவர் மிச்சம் பிடித்த தீர்வையை இன்று வாரிசு கட்டுகிறார்.

தமிழ்நாட்டில் பதிவுத்துறை தெருவாரியாக, சர்வே எண் வாரியாக வழிகாட்டி மதிப்பை இணையத்தில் போட்டிருக்கிறது. பரம்பரைச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1இன் நியாய விலையை எடுத்துக்கொள்ளலாம். முத்திரைத் தீர்வைக்கான மதிப்பே அதற்கு உச்சவரம்பு. பணவீக்கத்துக்கும் அங்கே ஒரு குறியீட்டெண் உண்டு: 2001-02இல் 100, 2024-25இல் 363. 2024 ஜூலையில் அந்தச் சலுகையை நீக்கப் போய் எதிர்ப்பு கிளம்பியதும், பழைய காணி, வீடுகளுக்குக் குறியீட்டுடன் 20 வீதம், அது இல்லாமல் 12.5 வீதம், எது குறைவோ அதைக் கட்டலாம் என்று டெல்லி இறங்கி வந்தது.

இங்கே குறியீட்டெண்ணே கிடையாது. 2017 செப்டெம்பரில் ஒரு டொலர் சுமார் 153 ரூபா, 2025இல் 300. அன்று 20 இலட்சம் பெறுமதியான கடை இன்று 40 இலட்சத்துக்குப் போனால், டொலர் கணக்கில் விலை ஏறவேயில்லை எனலாம். வரி மட்டும் 3 இலட்சம். மதிப்பீட்டாளர் அடிவிலையை 10 இலட்சம் என்று எழுதிவிட்டால் நாலரை இலட்சம். குடியிருந்த வீட்டுக்கு விலக்கு உண்டு; கடைக்கும் இறப்பர்க் காணிக்கும் அது இல்லை.

காணி உள்ளவன் வசதியானவன், கட்டட்டும் என்பவர்கள் கொழும்பு 7ஐ மட்டும் பார்த்தவர்கள். லயத்தில் பிறந்தவருக்கு உறுதி என்பதே அரிது. தலைமுறை முழுக்கச் சீட்டுப் பிடித்து டவுனில் ஒரு கடையோ கால் ஏக்கரோ வாங்கிய குடும்பத்திடம்தான் இந்த வரி வந்து நிற்கிறது. விற்று ஒரு மாதத்துக்குள் விவரத்திரட்டும் கொடுத்தாக வேண்டும்.

விலைமதிப்பீட்டுத் திணைக்களம் 2017 செப்டெம்பர் 30க்கான விலைகளைக் கிராம சேவையாளர் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். அதுவரை 15 வீதம் கேட்க அரசுக்கு உரிமையில்லை. காணி வைத்திருப்போரே, விற்கும் நாள்வரை காத்திருக்காமல், பழைய உறுதி, வரைபடம், வங்கி மதிப்பீட்டறிக்கை எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.