அளந்துவிட்டால் ஆயிற்றா?



கைக்கடிகாரம் மணி காட்டிய காலம் மாறி, நாடித் துடிப்பைக் காட்டும் காலம் வந்திருக்கிறது. எத்தனை அடி நடந்தோம், எத்தனை மணி உறங்கினோம், இரத்தத்திலே உயிர்வளி எவ்வளவு என்றெல்லாம் மணிக்கட்டிலே கட்டிய பட்டை கணக்குக் கூறுகிறது. மேற்கையில் ஒட்டிய வில்லை ஒன்று, மயிரிழை போன்ற முனையைத் தோலுக்கடியிலே வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரையின் அளவைக் கைப்பேசிக்குச் சொல்லி அனுப்புகிறது. மார்புக்குள் தைத்து வைத்த பேஸ்மேக்கர் எனும் சிறு பெட்டி, இதயம் தடுமாறும்போது தட்டிக்கொடுத்து நடக்க வைக்கிறது. ஸ்டாக்ஹோம் நகரிலே 1958இல் முதன்முதலாக அப்பெட்டி பொருத்தப்பெற்ற மனிதர், பெட்டிகளை மாற்றி மாற்றி 2001 வரையில் வாழ்ந்தார். பெட்டியைச் செய்த பொறிஞரும் பொருத்திய டாக்டரும் அவருக்கு முன்பே மறைந்து போயினர்! மார்பின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் காசநோயின் சாயலைக் கணிப்பொறியே கூறுகிறது. அதனைப் பயன்படுத்தலாமென உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரை செய்தது.

கண்டு மருளவில்லை நாம், களிக்கிறோம். மந்திரித்த கயிறு கட்டிய மணிக்கட்டிலே மருத்துவம் அறிந்த பட்டை ஏறுவதை வரவேற்காமல் வேறு யார் வரவேற்பர்? ஆனால், கருவி வந்தது என்றதும் கடமை தீர்ந்தது என்று கைகழுவ முற்படுவோர் இருக்கின்றனரே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு. "டாக்டர் போதவில்லையா? கருவி இருக்கிறது. மருத்துவமனை தொலைவா? கணிப்பொறி இருக்கிறது" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். அளப்பது ஒன்று, ஆற்றுவது வேறொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கும் இந்த வித்தையைத்தான் இங்கே எடுத்துப் பேச விரும்புகிறோம்.

புதுவையிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் சாலையிலே, வில்லியனூர் கடந்து மேற்கே சென்றால் திருவாண்டார்கோயில். அடுத்தடுத்துத் திருபுவனை, மதகடிப்பட்டு. சம்பந்தர் பாடிய வடுகூர் இதுவே என்பர். சாலையின் இரு மருங்கும் இன்று ஆலைகள். ஆலைகளுக்குப் பின்னே வயல்கள். முறை மாற்றி முறை வேலைக்கு ஓடும் தொழிலாளி, கண்ணயரும் நேரம் இன்னதென்று அறியாதவன். உண்ணும் நேரமும் அப்படியே.

இவன் உடம்பின் நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு நிலையத்தார் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் நாடு முழுமைக்கும் நூற்றுக்கு 11.4 பேர் நீரிழிவு நோயினர். புதுவையிலோ 26.3! கோவா 26.4 என்று மயிரிழையில் முந்திக்கொண்டது. இல்லையேல் முதலிடம் நமக்கே கிடைத்திருக்கும். நாலு பேர் கூடி நின்றால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்பது இதன் பொருள்.

இந்த நால்வரில் ஒருவனுக்குக் கையில் ஒட்டும் வில்லையைக் கொடுக்கலாமே என்கின்றனர். கொடுக்கலாம். இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பரவலாக விற்பது 14 நாள் உழைக்கும். பிறகு பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்று வாங்க வேண்டும். ஆண்டுக்கு 26 வில்லை. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ரூபாய். சரி, யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாகவே தந்தான் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவு இரண்டு மணிக்கு, எந்திரத்தின் முன்னே நிற்கும் தொழிலாளியின் கைப்பேசி "சர்க்கரை 290" என்று கூவுகிறது. அப்புறம்? எந்திரத்தை நிறுத்துவானா? மேற்பார்வையாளர் விடுவாரா? மருந்தை மாற்றி எழுதித் தர அந்நேரத்தில் யார் இருக்கிறார்? இன்சுலினைப் பாதுகாக்க அவன் குடியிருக்கும் அறையில் குளிர்ப்பெட்டி உண்டா? இத்தனை கேள்விக்கும் விடை கிட்டாதபோது, அந்த எண் அவனுக்குத் தருவது அச்சம் ஒன்றைத்தான்.

கண்ணின் கதையைப் பார்ப்போம். நீரிழிவு முற்றினால் விழித்திரையைக் கெடுக்கும். வலி தராமல் கெடுக்கும். பார்வை மங்கிய பிறகே நோயாளி அறிவான். விழித்திரையின் ஒளிப்படத்தைப் பார்த்து இக்கேட்டைக் கண்டறியும் கணிப்பொறி முறையைக் கூகுள் நிறுவனத்தார் உருவாக்கி, 2016இல் ஆய்வை வெளியிட்டனர். அந்தப் பொறிக்குப் பாடம் புகட்ட 1,28,175 படங்கள் பயன்பட்டன. எங்கிருந்து வந்தன? அமெரிக்காவிலிருந்து ஒரு பகுதி. மற்றவை இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்து: அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா. மதுரைக் கண்களும் சென்னைக் கண்களும் பெங்களூர்க் கண்களும் பொறிக்கு ஆசிரியராயின! 2019இல் மதுரை அரவிந்தில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே பயன் தந்தது என்றால் காரணம் என்ன? படம் எடுக்கும் அறைக்குப் பக்கத்து அறையிலே டாக்டர் இருக்கிறார்; அடுத்த கட்டடத்திலே லேசர் சிகிச்சை இருக்கிறது.

அதே முறையைத் தாய்லாந்து நாட்டின் 11 சிற்றூர், நகர மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டு சென்றனர். என்ன நேர்ந்தது என்பதை அந்நிறுவனத்தின் ஆய்வாளரே 2020இல் ஒளிக்காமல் எழுதினர்; அந்த நேர்மையைப் பாராட்டுகிறோம். 1,838 படங்களில் நூற்றுக்கு 21ஐ, தெளிவில்லை என்று பொறி தள்ளிவிட்டது. அறையை இருட்டாக்க வசதியில்லை, இணைய இணைப்பு மெதுவாக ஊர்ந்தது, காத்திருந்தவர் சலித்தனர். தள்ளப்பட்ட படத்துக்குரியவரை, வேறொரு நாள் தொலைவிலுள்ள நிபுணரிடம் போகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆய்வுக்கூடத்திலே புலியாகப் பாய்ந்தது, அங்காடித் தெருவிலே பூனையாய்ப் பதுங்கியது! திருவாண்டார்கோயில் தொழிலாளிக்கு "வேறொரு நாள்" என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள். கோரிமேடு ஜிப்மருக்கோ தவளக்குப்பத்துக் கண் மருத்துவமனைக்கோ பஸ் ஏறி, வரிசையில் நின்று, திரும்பி வர அந்தி சாய்ந்துவிடும். எத்தனை பேர் போவர்? போகாதவரைக் கணிப்பொறி தேடி வருமா?

2024இல் அந்நிறுவனம், இந்தியாவிலும் தாய்லாந்திலும் உள்ள கூட்டாளிகள் வழியாகப் பத்தாண்டில் 60 இலட்சம் பரிசோதனைகள் நோயாளிக்குச் செலவின்றி நடக்கும் என்று அறிவித்தது. நல்லதுதான். கண்ணைக் கொடுத்தவர் நாம், பொறியை உடையவர் அவர்; இப்போது அவர் வழங்க நாம் கைநீட்டிப் பெறுகிறோம் என்பதையும் நினைவில் வைப்போம்.

பொறி கற்ற பாடம் யாருடைய உடம்பிலிருந்து என்பது வீண் கேள்வியன்று. விரல் நுனியிலே மாட்டும் ஆக்சிமீட்டரை 2021இன் கொடுங்கோடையிலே அறியாத வீடு இல்லை. 1974 அளவில் ஜப்பானியப் பொறிஞர் தக்குவோ அயோயாகி அதன் நெறியைக் கண்டார்: சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலை ஊடுருவிச் செல்லும்போது எவ்வளவு விழுங்கப்படுகிறது என்பதைக் கொண்டு உயிர்வளியைக் கணிக்கிறது. ஆனால் தோலின் கருமையும் ஒளியை விழுங்கும் அல்லவா? 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தால், உண்மையில் 88க்கும் கீழே சரிந்திருந்தோர் வெள்ளையரில் நூற்றுக்கு 3.6, கறுப்பரில் 11.7. அதாவது, கருமேனி படைத்தவன் மூச்சுக்குத் தவிக்கும் வேளையிலும் "நலம், நலம்" என்று கருவி பொய்யுரைக்கும் வாய்ப்பு மும்மடங்கு! அதற்குப் பின்னரே அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்தது.

இங்கே? 94 என்ற எண்ணைக் கோடாகக் கிழித்து, மேலிருந்தால் வீடு, கீழிருந்தால் மருத்துவமனை என்று பிரித்த நாடு நம் நாடு. வெயிலில் வெந்து கறுத்த பாகூர் உழவன் விரலிலும் அதே கருவி, அதே கோடு. நம் தோலிலே சோதித்துப் பார்த்தபின் விற்கச் சொன்னோமா? விலையைப் பற்றியும் ஒரு சொல்: ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தமானி முதலிய ஐந்து கருவிகளின் வணிக இலாபத்துக்கு 70 விழுக்காடு என்று வரம்பு கட்டியது மத்திய அரசின் விலை ஆணையம். எப்போது? 2021 ஜூலையில், இரண்டாம் அலை ஓய்ந்தபின்! வெள்ளம் வடிந்தபின் கரை கட்டிய வீரம் அது.

இனி, புதுவைக்கே உரிய கதை. 2020 ஆகஸ்டு 15 அன்று, குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் சுகாதார எண் வழங்கி, மருத்துவப் பதிவுகளைக் கணிப்பொறி வலையிலே இணைக்கும் திட்டம் டில்லியில் அறிவிக்கப்பட்டது. முதற்சோதனை எங்கே? ஆறு யூனியன் பிரதேசங்களில்: அந்தமான், சண்டிகர், தாத்ரா-டாமன், லடாக், இலட்சத்தீவு, அவற்றோடு புதுவை. ஏன் உத்தரப் பிரதேசம் இல்லை, குஜராத் இல்லை? பொதுச் சுகாதாரம் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்களென்றால் கேட்க வேண்டும், இணங்க வைக்க வேண்டும். யூனியன் பிரதேசம் என்றால் அந்தத் தொல்லை இல்லை! இதுவே காரணம் என நாம் கருதுகிறோம். மாநிலத் தகுதி கேட்டு நம் சட்டமன்றம் தீர்மானத்தின்மேல் தீர்மானம் போட்டதன் நியாயம் இங்கேயும் தெரிகிறது.

இதே வட்டாரத்துக் கீழூரை மறந்திருக்க மாட்டீர்கள். 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சி நீங்கி இந்தியாவோடு இணைவதா என்ற மாபெரும் கேள்விக்கு விடை கூறியவர் யார்? மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை உறுப்பினரும் கொம்யூன் உறுப்பினருமாகிய 178 பேர். 170 பேர் ஆம் என்றனர், 8 பேர் இல்லை என்றனர். நாட்டின் தலைவிதியையே கொம்யூன் உறுப்பினரிடம் கேட்டு முடிவு செய்த மண் இது! 2020இல் உடம்பின் பதிவேட்டை எடுத்துச் செல்ல வந்தபோது, மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் கேட்பதற்கு யார் இருந்தனர்? 2006இல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிகளின் காலம் 2011இல் முடிந்தது. பிறகு ஆண்டுகள் உருண்டும் தேர்தல் வரவில்லை. கேட்க வேண்டிய மன்றத்தைக் காலியாக வைத்துவிட்டு, "விருப்பமுள்ளோர் சேரலாம்" என்றனர். 2021இல் தடுப்பூசிக்கு ஆதார் எண்ணைக் காட்டிய பலருக்கு, அவர் கேளாமலே 14 இலக்கச் சுகாதார எண் பிறந்துவிட்டதென்று ஏடுகள் எழுதின. இதற்குப் பெயர் விருப்பமாம்!

பதிவுகள் பத்திரமாக இருக்கும் என்கின்றனர். 2022 நவம்பரில் தலைநகரின் எய்ம்ஸ் மருத்துவமனையிலேயே கணிப்பொறிக் கள்வர் புகுந்தனர். இரண்டு வாரம் போல எல்லாம் கையெழுத்தில் நடந்தது. டில்லிக் கோட்டையின் கதவு அப்படியென்றால், கிராமத்துச் சுகாதார நிலையத்தின் தாழ்ப்பாளைப் பற்றி என்ன சொல்வது?

பட்டை கட்டுவதிலும் வர்க்கம் இருக்கிறது, தோழர்களே. சீமானின் மணிக்கட்டிலே அது இதயத்தைக் காக்கிறது. சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் நாக்பூரிலும் துப்புரவுத் தொழிலாளியின் மணிக்கட்டிலே கட்டப்பட்டபோது, அவன் எங்கே நிற்கிறான், எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று வேவு பார்த்தது. நச்சுக்காற்றை மோப்பம் பிடித்து அவன் உயிரைக் காக்கும் கருவியை அவனுக்கு முதலில் கட்டியிருக்கலாகாதா?

"குறை கூறுவது எளிது, வழி என்ன?" என்பர். வழி அண்டையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டிலே 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பைக் குறைக்கும் திட்டம் தொடங்கிற்று. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் துணை நின்றது. செய்தது என்ன? எடை, உயரம், மூச்சு எண்ணிக்கை, காலில் வீக்கம், உயிர்வளி, துணையின்றி நிற்க முடிகிறதா என்ற சிலவற்றை ஊழியர் பார்க்கிறார். ஒரு தாளிலே குறிக்கிறார். உயிர்வளிக் கருவி பொய்த்தாலும், நிற்க முடியாமல் தள்ளாடும் மனிதனை ஊழியரின் கண் விட்டுவிடாது. உடல்நிலை மோசமென்று கண்டால் மருத்துவமனைப் படுக்கையும் ஊட்ட உணவும் காத்திருக்கின்றன. அளவுக்குப் பின்னே படுக்கை இருப்பதால் அந்த அளவுக்கு மதிப்பு!

கருவியை நாமே செய்ய இயலாதா என்றால், இயலும். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனம், அரசுப் பணத்தில் ஆய்வு நடத்தி, செயற்கை இதய வால்வைச் செய்து 1990இல் மனிதருக்குப் பொருத்தியது. மதுரையிலே 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் விலையை ஏழைக்கு எட்டும்படி இறக்கியது. திருபுவனையிலே மின்னணுப் பூங்கா என்று பெயர்ப்பலகை இருக்கிறது. குளுக்கோமீட்டரும் ஆக்சிமீட்டரும் அங்கே பொதுத்துறையில் உருவாகி, இப்பகுதி மக்களின் தோலிலே சோதிக்கப்பெற்று, தமிழிலே எண்ணையும் எச்சரிக்கையையும் சொல்லி வெளிவரட்டும் என்று கேட்கிறோம்.

அதற்கு முன், ஒவ்வொரு கிளையும் இவ்வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டப்படி சுகாதாரத் துறைக்கு மனு எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்குச் சர்க்கரை அளந்தனர். அவருள் எத்தனை பேருக்கு விழித்திரையும் பாதமும் பார்த்தனர். எத்தனை பேருக்கு லேசர் சிகிச்சை முடிந்தது. இன்சுலின் எத்தனை நாள் இருப்பில் இல்லை. சுகாதார எண் பெற்றோரில் எத்தனை பேர் கையெழுத்திட்ட இசைவுத்தாள் அலுவலகத்தில் உள்ளது? 30 நாளில் விடை தர வேண்டும் என்பது சட்டம். வந்த விடையை, வராவிட்டால் வராத செய்தியை, திருவாண்டார்கோயில் பஸ் நிறுத்தத்துத் தட்டியிலே எழுதி வையுங்கள்.