எண்ணையே பெயராகக் கொண்ட கலம்

போர்க்கப்பல்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பீரங்கிகளையும் தளபதிகளையும் பற்றியே எழுதுகிறார்கள். மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்துவரும் நானும் அதற்கு விதிவிலக்கல்ல. ஆகவே, பெயர்கூடச் சூட்டப்படாத ஒரு கலத்தைப் பற்றி இன்று எழுதுவதைப் பழைய கடனொன்றைத் தீர்ப்பதாகவே கருதுகிறேன்.

எல்.சி.ரி. 7074 என்பது அதன் அடையாளம். யுத்த தாங்கிகளைக் கரைசேர்ப்பதற்கான தரையிறங்கு கலம். 1944 இல் வட இங்கிலாந்தின் டைன் நதிக்கரையிலுள்ள ஹெபர்னில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 59 மீற்றர் நீளம். இரண்டு அதிகாரிகள், பத்து மாலுமிகள். மணற்கரையில் ஏறி நிற்பதற்காகத் தட்டையான அடிப்பாகம். முன்புறத்தில் கீழே இறங்கும் பாலம் போன்ற கதவு. கரையை நெருங்கும்போது பின்புறத்து நங்கூரத்தைக் கடலில் விட்டுச் சென்று, சுமையை இறக்கிய பின்னர் அதனையே பற்றி இழுத்துப் பின்வாங்குவது இத்தகைய கலங்களின் வழக்கம். அலையில் மோசமாக ஆடும் இக்கலங்களை அழகான கப்பல்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால், இவை இல்லாதுபோனால் என்ன நேரும் என்பதற்கு எமது நாட்டோடு தொடர்புடைய சாட்சியமே உண்டு. தரையிறங்கும் போர்முறைக்குப் பொறுப்பாக 1943 வரை பிரித்தானியாவில் பணியாற்றிய மவுண்ட்பேட்டன் பிரபு, பின்னர் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் தலைவரானார். 1944 ஏப்ரலில் அதன் தலைமையகம் கண்டிக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பாகவே, அந்தமான் தீவுகள் மீது அவர் திட்டமிட்டிருந்த தாக்குதல் கைவிடப்பட்டிருந்தது. தரையிறங்கு கலங்கள் ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டதே காரணம்.

அந்த ஐரோப்பியக் களத்தில், ஜோன் பகொட் என்ற இளம் அதிகாரியின் தலைமையில், 7 ஆவது கவசப் படைப்பிரிவின் 10 தாங்கிகளைச் சுமந்துகொண்டு 7074 நோர்மண்டி சென்றது. 'கோல்ட்' எனப்பட்ட கரையில், அனெல் கிராமத்துக்கு அருகே அது சுமையை இறக்கியது ஜூன் 7 அதிகாலை. உலகம் நினைவில் வைத்திருப்பதோ ஜூன் 6 ஐத்தான்! முதல்நாள் இறங்கியவர்கள் நிலைத்து நிற்க முடிந்ததற்கு, மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் வந்துகொண்டேயிருந்த இத்தகைய கலங்களே காரணம். வீரம் ஒருநாளில் நிகழலாம். விநியோகம் நாள்தோறும் நிகழவேண்டும்.

போருக்குப் பின்னர் இக்கலம் லிவர்பூலில் மாலுமிகளின் சங்கக்கூடமாயிற்று. பின்னர் இரவு விடுதியாகவும் மாறியது. இதனை அவமதிப்பு என்பவர்கள் இருக்கலாம். நான் அவ்வாறு நினைக்கவில்லை. நோர்மண்டிப் படையெடுப்பில் இவ்வகைக் கலங்கள் 800 க்கும் மேல் ஈடுபட்டன. பிரித்தானியாவில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே. ஏனையவற்றைப் போல இதுவும் அழிந்துபோகாமற் காத்தது மரியாதை அல்ல, பயன்பாடு. ஆட்டத்துக்கும் பாட்டுக்குமாவது ஒருவருக்கு அது தேவைப்பட்டது.

மரியாதையோடு அதனைப் பேண முன்வந்த அறக்கட்டளையோ 2006 இல் நிதியின்றி மூடப்பட்டது. கவனிப்பாரற்ற கலம் பேர்க்கன்ஹெட் துறையில் மூழ்கியது. 2014 இல் அதனை வெளியே எடுத்தார்கள். லொத்தர் நிதியத்தின் 47 இலட்சம் பவுணும், பல கைவினைஞர்களின் உழைப்பும் சேர்ந்த பிறகே, 2020 இல் போர்ட்ஸ்மவுத் நகரின் சவுத்சீ கரையில் அது காட்சிக்கு வந்தது. நினைவுகூர்தல் என்பது வருடத்துக்கு ஒருமுறை மலர்வளையம் வைப்பதோடு முடிவதில்லை. துருவைச் சுரண்டுவதற்கு ஆளும், அதற்கான சம்பளமும் வேண்டும்.

கடன் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலங்களில், திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்கு இத்தனை தொன் அரிசி, இத்தனை தொன் மா கப்பலில் வந்ததென்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். தொன் கணக்கு பிழைத்துவிடக்கூடாது என்பதில் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டேன். அவற்றைக் கொண்டுவந்த மாலுமி ஒருவருடைய பெயரையேனும், கரையில் மூட்டை இறக்கிய தொழிலாளி ஒருவருடைய பெயரையேனும் நான் கேட்டதில்லை. செய்தியாசிரியரும் கேட்கச் சொன்னதில்லை.

அவர்களுட் பலர் இன்று உயிரோடு இல்லாதிருக்கலாம். இருப்பவர்களையேனும் தேடிச்சென்று, அவர்கள் சொல்வதைப் பெயரோடு பதிவு செய்யவேண்டும். மூழ்கிய கலத்தைப் பணம் செலவழித்து மேலே எடுக்கலாம். மறைந்துபோன மனிதரின் வாய்மொழியை எந்த நிதியத்தாலும் மீட்க முடியாது.