அம்மாவின் வேலைக்கும் பாட்டு இருக்கு

பல்லரோவில் வளர்ந்த தம்பி தங்கச்சிமாரே, புளூஸ் என்றால் உங்களுக்கு உடனே மிசிசிப்பி ஞாபகம் வரும். மடி வோட்டர்ஸின் பெயர் வரும். ரோசா பலிஸ்திரேரியின் பெயர் எத்தனை பேருக்கு வரும்?

ரோசா 1927இல் லிக்காத்தாவில் பிறந்தவர். பசியிலே வளர்ந்தவர். இதே பலெர்மோவில் பணக்கார வீட்டில் வேலைக்காரியாக நின்றவர். சிறைக்கும் போய் வந்தவர். வளர்ந்து பெரிய ஆளான பிறகுதான் எழுத வாசிக்கப் பழகினார். பிழைப்புக்காகப் புளோரன்சுக்குப் போய்ச் சந்தையில் மரக்கறி விற்றார். 1966இல் டாரியோ ஃபோவின் மேடையில் ஏறினார். பசியையும் சிறையையும் மாஃபியாவையும் சிசிலியன் மொழியிலேயே பாடினார். 1973இல் சன்ரேமோ விழாவுக்குத் தெரிவான அவரது பாட்டை, அது புதிய பாட்டு இல்லை என்று சொல்லிக் கடைசி நேரத்தில் விலக்கினார்கள். அதற்குப் பிறகும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். 1990இல் பலெர்மோவில் இறந்தார்.

அலன் லோமக்ஸ் என்ற ஆய்வாளர் 1941இல் மிசிசிப்பித் தோட்டமொன்றில் வேலை செய்துகொண்டிருந்த மடி வோட்டர்ஸைப் பதிவு செய்தார். அதே ஆள்தான் 1954இல் சிசிலிக்கு வந்து, கடலிலும் வயலிலும் உழைத்தவர்களின் பாட்டுகளைப் பதிவு செய்தார். பருத்தி பறித்தவன் பாட்டும் மீன் பிடித்தவன் பாட்டும் அவருடைய காதுக்கு ஒரே மதிப்பு. எங்கட காதுக்குத்தான் அப்படி இல்லை.

எங்கட அம்மாமாரில் பெரும்பாலானோர் இந்த ஊரில் என்ன வேலை செய்கிறார்கள்? வீடு துடைக்கிறார்கள், கிழவர்களைப் பராமரிக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் பாட்டு வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் காசு கட்டினார்கள். ஆனால் அந்த வேலையைப் பற்றி எங்கட மேடையில் ஒரு வரி கிடையாது. ஒரு கலைவிழாவில், தாயின் வேலையைப் பற்றித் தானே எழுதிய பாட்டோடு கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்த பெடியனிடம், "இதெல்லாம் வேண்டாம் தம்பி, ஒரு சினிமாப் பாட்டுப் பாடும்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவனுக்குக் காசும் கொடுக்கவில்லை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வீடியோக்காரருக்கும் கொடுத்தார்கள்.

"பட்ட கஷ்டத்தை ஊருக்குச் சொல்லவா பிள்ளைகளைப் படிப்பித்தோம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். வெட்கப்பட்ட வாழ்க்கையைப் பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தாய்க்கும் விருப்பம் இராது. ஆனால் வெட்கப்பட வேண்டியது துடைத்தவளா, குறைந்த கூலி கொடுத்தவனா? பாடாமல் விட்டால் அந்த வெட்கம் அவளிடமே தங்கிவிடும். ரோசா அதை அவளிடமிருந்து எடுத்து, கொடுக்க வேண்டியவனிடமே கொடுத்தார்.

பரதமும் கர்நாடக சங்கீதமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படியுங்கள், அரங்கேற்றமும் செய்யுங்கள். ஆனால் அது மட்டும்தான் தமிழ்க் கலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூத்தும் பறையும் உழைப்பவன் கையிலிருந்து வந்தவை. அவற்றையும் ஒரு காலத்தில் "இதெல்லாம் வேண்டாம்" என்றுதான் தள்ளி வைத்தார்கள்.

அடுத்த விழாக் கூட்டத்தில் இரண்டே இரண்டு விஷயம் கேளுங்கள். இந்த ஊர் வாழ்க்கையை எழுதிப் பாடுகிறவர்களுக்கு இருபது நிமிடம். அவர்களுக்குச் சம்பளம். வீடியோக்காரருக்குக் கொடுக்கிற அளவாவது.