தேக்காவுக்கு ஒரே நடை

தேக்கா சந்தையில் மீனுக்கு ஒரு நடை, கீரைக்கு ஒரு நடை, கறிவேப்பிலைக்கு ஒரு நடை என்று யாரும் போவதில்லை. பட்டியல் போட்டு ஒரே நடையில் வாங்கிவிடுவோம். ஆனால் தரவுத்தளத்திடம் கேட்கும்போது நம் இளையர் சிலர் மூன்று நடை போவதைப் பார்க்கிறேன்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘டேட்டாமால்’ தளம் பேருந்துத் தரவுகளை அளிக்கிறது. ஓர் அட்டவணையில் பேருந்து எண், நிறுத்தத்தின் 5 இலக்கக் குறியீடு, முதல், கடைசிப் பேருந்து நேரங்கள். இன்னோர் அட்டவணையில் அதே குறியீட்டுடன் நிறுத்தத்தின் பெயர், சாலை, இருப்பிடம்.

சிராங்கூன் சாலை வழியே போகும் ஒரு பேருந்தின் எல்லா நிறுத்தங்களுக்கும் இந்த விவரங்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்கியூஎல்லில் பெயருக்கு ஒரு சப்குவெரி, சாலைக்கு ஒன்று, இருப்பிடத்துக்கு ஒன்று என எழுதினால், 50 நிறுத்தங்களுக்கு 150 தேடல்கள் வரை நடக்கலாம். வேகத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு: பின்னாளில் நிபந்தனையை ஒன்றில் மாற்றிவிட்டு மற்ற இரண்டை மறந்தால், ஒரே வரியில் பொருந்தாத தகவல்கள் வந்து நிற்கும்.

இரு அட்டவணைகளையும் குறியீட்டை வைத்து ஒருமுறை ‘ஜாயின்’ செய்தால் மூன்று விவரங்களும் சேர்ந்தே வரும். நிபந்தனையும் ஒரே இடத்தில் இருக்கும்.

இங்கே கவனம் தேவை. ஒரு நிறுத்தம் பெயர் உள்ள அட்டவணையில் இன்னும் பதிவாகவில்லை என்றால், சாதாரண ஜாயின் அந்த வரியையே விழுங்கிவிடும். ‘லெஃப்ட் ஜாயின்’ பெயரை வெறுமையாக விட்டு, நேரத்தைக் காட்டும். இரவு வேலை முடிந்து நிற்பவருக்குப் பெயரைவிடக் கடைசிப் பேருந்தின் நேரமே முக்கியம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேருந்துச் சேவைகள் என்று எண்ண வேண்டுமா? 1999ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலையில் வந்த ‘வித்’ பகுதியில் முதலில் எண்ணி முடித்து, பிறகு அந்த விடையை இணையுங்கள். எண்ணாமல் இணைத்தால் நிறுத்தத்தின் பெயர் ஒவ்வொரு சேவைக்கும் ஒருமுறை திரும்பத் திரும்ப வரும்.

சில தரவுத்தளங்கள் சப்குவெரிகளைத் தாமே சீராக்கிக்கொள்ளும். உங்களுடையது என்ன செய்கிறது என்று ஊகிக்க வேண்டாம். கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன்’ சேர்த்துப் பாருங்கள். எத்தனை நடை என்று அதுவே சொல்லும்.